கல்முனைக் கரையின் மாரியும் அதனை முன்னறியும் வழியும்

இலங்கையின் கீழைக் கரையிலே ‘மாரி’ என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. மழைக்கும் அதுவே பெயர். மழை பெய்யுங் காலத்துக்கும் அதுவே பெயர். உறைபனி பெய்யும் குளிர்காலம் நமக்கில்லை. ஐப்பசி பிறந்தது முதல் தை கழியும் வரையுள்ள மழையும் வாடையுமே நமது குளிர்காலம். இக்காலத்தின் போக்கை முன்கூட்டியே அறியலாமா, அறியலாமாயின் எவ்வளவுக்கு அறியலாம், அறிந்ததைக் கொண்டு யாது செய்யலாம் என்பன பற்றி, கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையை வைத்து இக்கட்டுரையில் ஆராய்வாம். புவியியல் பயிலும் மாணவருக்கு இது பாடமாகலாம். பழைய மாணவருள் வயலும் வள்ளமும் உடையோருக்கு இது வீட்டுச் செய்தி.

வானத்தை நோக்குமுன் நிலத்தை நோக்குதல் வேண்டும். வடக்கே மருதமுனை தொடங்கிப் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே செல்லும் முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கடலோரத்து ஒடுங்கிய மணற்றிடரின்மேல் அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே அத்திடரினுந் தாழ்ந்த வயல்வெளி. கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று எனப் பழைய பிரிவுகளாற் சுட்டப்பெற்ற நெல்வயல்கள் அவையே. பட்டிப்பளை ஆறு எனவும் கல்லோயா எனவும் வழங்கும் ஆறு இவ்வெளியிற் பல கிளைகளாகப் பிரிந்து பாய்கின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி இங்கினியாகலையில் எழுந்த அணையினால் உண்டான சேனநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளவல்லது; இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுவே. ஆயினும் அணைக்கு மேலே பெய்யும் மழையையே அணை தடுத்து வைக்கும். அணைக்குங் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளியிற் பெய்யும் மழைக்கு அது காவலன்று. இதனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

சமவெளியில் நிறைந்த நீர் கடலை அடையும் வாயில்களோ மிகச் சில. தெற்கே ஒலுவிற் பக்கத்திற் களியோடை முகத்துவாரம். வடக்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடியோடு கலந்து கல்லாற்று முகத்துவாரம். இடையே ஊர்களினூடாகச் செல்லுந் தோணாக்கள். கோடை முழுதும் அலைகள் மணலைக் கொணர்ந்து இவ்வாயில்களை மூடிவிடும். மாரியில் நீர் ஏறியபின் மணலை வெட்டி வழிவிடவேண்டும். எந்நாளில் வெட்டுவது என்பது பழைய வழக்கு. வேளாண்மை செய்வோர் விரைவில் வெட்டுக என்பர். வாவியில் மீனும் இறாலும் பிடிப்போர் பொறுத்து வெட்டுக என்பர். இருவர் சொல்லிலும் நியாயமுண்டு. நாம் இங்கு அறியவேண்டுவது இதுவே: கல்முனைக் கரையில் மாரி வெள்ளம் பெரும்பாலும் முன்னே கிடக்குங் கடலிலிருந்து வருவதன்று, முதுகுப்புறத்து வயலிலிருந்து வருவது. ஆகையினாலேதான் கடலோரத்து வீதியிலும் பார்க்க, மேற்கே செல்லும் வீதிகளே முதலில் நீருள் மறைகின்றன. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கஞ் செல்லுங் கிட்டங்கித் தாம்போதியும், காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் வீதியில் மாவடிப்பள்ளிப் பகுதியும் இதற்குச் சான்றாவன.

இனி வானத்தின் செய்தி. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசுந் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிற் சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக நம் கரையில் இறங்குகின்றது. ஐப்பசியிற் காற்று நிலைமாறும். வடகோளக் காற்றும் தென்கோளக் காற்றும் வந்து சந்திக்கும் ஒருங்கல் வலயம், சூரியனைத் தொடர்ந்து தெற்கு நோக்கி நகருங்கால் இலங்கையின் மேலாகச் செல்லும். ஒக்டோபர், நவெம்பர் மாதங்களின் மாலை இடிமழைக்கு அதுவே காரணம். டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெறும். வங்காள விரிகுடாவின் மேலாக வருங்கால் அது பருகும் நீராவியை முதன்முதற் சந்திக்கும் நிலமாகிய நம் கரையிலே இறக்குகின்றது. ஆயினும் பருவக்காற்று வீசுவதனால் மட்டும் பெருமழை உண்டாவதில்லை. கிழக்கிலிருந்து அலையலையாக வருங் காற்றுக் குழப்பங்களும், விரிகுடாவின் தெற்கே தோன்றுந் தாழமுக்கங்களுமே அந்நீராவியைத் திரட்டி ஓரிடத்திற் கொட்டுவிக்கின்றன. காற்று நாள்தோறும் வரும். குழப்பம் இடையிட்டு வரும். மாரி என்றும் ஒரு நிலையிலில்லாமைக்கு இதுவே மூலம்.

அளவினை நோக்குவாம். நமக்கு வடக்கே மட்டக்களப்பிலும் தெற்கே பொத்துவிலிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ளன. மட்டக்களப்பில் ஓராண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிற் பெய்துவிடுகின்றது. டிசெம்பருக்கு மட்டும் 400 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது பழைய கணக்கிற் பதினாறு அங்குலம். இந்த 400 என்னும் எண் நம்மை ஏமாற்றவல்லது. பத்து நாள், நாளொன்றுக்கு 40 மில்லிமீற்றராகப் பெய்தாலும் மாத மொத்தம் 400. இரண்டு நாளில் 200, 200 எனப் பெய்தாலும் மொத்தம் 400. ஏட்டில் இரண்டும் ‘இயல்பான டிசெம்பர்’ என்றே பதியப்படும். முன்னையது பயிரை வளர்ப்பது. பின்னையது வீதியை அறுப்பது. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 200 மில்லிமீற்றர் மழை எனின், அது 200,000 கன மீற்றர் நீர். அந்நீர் வெளியேறும் வாயிலோ மணலால் மூடிக் கிடக்கும் ஒரு முகத்துவாரம். மாணவர் தம் ஊர் வயல்வெளியின் பரப்பைக் கொண்டு இக்கணக்கைத் தாமே செய்துபார்த்தல் நன்று.

மாரி என்றதும் நம்மவர் முதலில் அஞ்சுவது சூறாவளியையே. அச்சத்துக்குக் காரணமுண்டு. 1978 நவெம்பர் 23 ஆம் தேதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; கீழ் மாகாணத்துத் தென்னந்தோட்டங்கள் நிலத்தொடு சாய்ந்தன. அதனைக் கண்டோர் ஆண்டுகளை இன்றும் ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ என எண்ணுதல் காண்கிறோம். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இலங்கையின் வடபாகத்தைக் கடந்தே சென்றது. 2000 டிசெம்பர் 26 இலும், ‘புரெவி’ எனப் பெயர்பெற்றது 2020 டிசெம்பர் 2 இலும் திருகோணமலைப் பக்கத்திற் கரை கடந்தன. நவெம்பரும் டிசெம்பரும் இவற்றுக்குரிய மாதங்களாதற்குக் காரணம், ஒருங்கல் வலயம் அப்போது நமது அகலக்கோட்டுக்கு அண்மையில் நிற்பதும், கடலின் மேற்பரப்பு இன்னும் வெப்பங் குறையாதிருப்பதுமாம். மத்திய கோட்டுக்கு மிக அண்மையிற் புவிச் சுழற்சியின் திருப்பும் விசை குறைவு. ஆதலின் ஏறக்குறைய 5 பாகைக்குத் தெற்கே சூறாவளி தோன்றுதல் அரிது. கல்முனை 7 பாகைக்குச் சற்று வடக்கே உள்ளது. வரும் எல்லையின் தென்கோடியில் நாம் இருக்கின்றோம் எனலாம். வருவது அரிது, வாராதெனல் இயலாது.

எனினும் சூறாவளியை மட்டும் எதிர்பார்த்திருத்தல் இக்கரைக்குப் பெரும் இடர் தருவது என்பதே நமது கருத்து. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை நினைவுகூர்க. அப்பொழுது சூறாவளி எதுவும் இல்லை. பெயருள்ள புயல் எதுவும் இல்லை. விடாமழை மட்டுமே. இலங்கையில் அதனாற் பாதிப்புற்றோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். நீர் வடிந்து மக்கள் மூச்சுவிடுமுன், பெப்ரவரித் தொடக்கத்தில் இரண்டாம் வெள்ளம் வந்தது.

2024 நவெம்பரிலும் அவ்வாறே. அம்மாத இறுதியில் ‘பெங்கல்’ என்னுஞ் சூறாவளி புதுச்சேரிக்கு அண்மையிற் கரை கடந்ததை யாவரும் அறிவர். ஆனால் நவெம்பர் 26 ஆந் தேதி, அது நம் கீழ்க்கரைக்கு அப்பால் வெறும் ஆழ்ந்த தாழமுக்கமாகவே இருந்தது. சூறாவளி என்னும் நிலையை அடைந்ததும் பெயர் பெற்றதும் மூன்று நாள் கழித்தே. அப்பெயரில்லாத நாளிலேதான், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் சிலர் மீட்கப்பட்டனர்; சிலர் சடலங்களாகவே கிடைத்தனர். மழை மிகுந்ததனால் விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். விடுமுறை கொடுத்தது தவறன்று. எவ்வேளையில் எவ்வீதியாற் செல்லுதல் என்பதே அன்று உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினாவாயிற்று. அதே வாரம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 2025 நவெம்பர் இறுதியில், நம் தீவின் தென்கீழ்க் கரைக்கு அப்பால் உருவாகிய ‘டித்வா’ மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தபொழுதும் பரீட்சை நின்றது. அப்புயலில் உயிரிழந்தோர் அறுநூறுக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் புயல் தோன்றிய கடலுக்குத் தூரத்தே, மலைநாட்டின் மண்சரிவுகளிலும் வெள்ளத்திலும் மாண்டவர்.

காற்றின் வலிமையைக் கொண்டே புயலுக்குப் பெயரிடுகிறார்கள். மழையின் அளவைக் கொண்டு எவரும் பெயரிடுவதில்லை. இதனை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

பருவம் முழுவதற்கும் முன்னோக்குக் கூறுதல் இயலுமா என்பது அடுத்த வினா. ஓரளவு இயலும். பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுங் கிழக்கிலும் நீர் வழமைக்கு மிஞ்சி வெப்பமுறுதலை எல் நீனோ என்றும், குளிர்தலை லா நீனா என்றும் கூறுவர். எல் நீனோ ஆண்டுகளில் இலங்கையின் ஒக்டோபர், நவெம்பர் மழை கூடவும், ஜனவரி முதலான பின்மாரி குறையவும் சாயும். லா நீனா ஆண்டுகளில் இது மறுதலை: முன்னே குறைவு, பின்னே மிகுதி. நாம் மேற்கூறிய 2011 வெள்ளம் வலிய லா நீனாவின் நடுவே வந்ததாகும். இதனோடு 1999 இல் ஆராய்ச்சியாளர் கண்டு விளக்கிய இந்து சமுத்திர இருமுனையும் உண்டு. நமது சமுத்திரத்தின் மேற்குப்பக்கம் வெப்பமும் சுமாத்திராப் பக்கம் குளிர்ச்சியும் மிக்க ஆண்டில் மாரியின் முற்பகுதி மழை மிகுதற்கு இடமுண்டு. 2010 முதல் தென்னாசிய நாடுகளின் வானிலை அறிஞர் கூடிப் பருவத்துக்குரிய பொது முன்னோக்கை வெளியிட்டு வருகின்றனர். நமது வளிமண்டலவியல் திணைக்களமும் நாட்டுக்குரியதை வெளியிடுகின்றது.

இவ்வறிக்கைகளை வாசிக்கும் முறையிலேதான் பலர் இடறுகின்றனர். பழைய ஆண்டுகளின் மழையை மூன்று சம பங்காக வகுத்து, குறைவு, இயல்பு, மிகுதி என மூன்று கூடுகள் அமைக்கின்றனர். ஒன்றும் அறியாத நிலையில் ஒவ்வொரு கூட்டுக்கும் நூற்றுக்கு 33. ‘மிகுதிக்கு 45’ என அறிக்கை கூறுமாயின், மிகுதியாகப் பெய்யும் என்று அது கூறவில்லை; நூற்றுக்கு 55 வழியில் அவ்வாறு பெய்யாது எனவுங் கூறுகின்றது. போடியார் ஒருவர் நூறு ஆண்டு விதைப்பாராயின் அதனாற் பயன் நிச்சயம். ஒரேயோர் ஆண்டின் விளைவில் உயிர் வாழ்பவருக்கு அது சாய்வு மட்டுமே. 2024, 2025 ஆகிய ஈராண்டுகளையும் எடுத்துக்கொள்வாம். இரண்டிலும் பசுபிக் லா நீனாவை நோக்கியே சாய்ந்திருந்தது. பொது விதிப்படி நவெம்பர் மழை குறைதல் வேண்டும். நடந்ததை மேலே கூறினோம். விதி பிழைத்தது எனல் வேண்டாம். பருவத்தின் சாய்வு ஒன்று, ஒரு தாழமுக்கத்தின் வழி வேறொன்று. நான்கு நாளிற் கடந்து செல்லும் ஒரு சுழல் நான்கு மாதக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகின்றது. கடல் ஆண்டுதோறும் வெப்பமேறி வருவதும் இதற்குத் துணை. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏந்தவல்ல நீராவி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடும். பெய்யுங்கால் அவ்வளவுக்கு மிகுத்துப் பெய்யும்.

பருவ முன்னோக்குக்கும் நாளாந்த அறிவிப்புக்கும் இடையே ஒரு நடுப்படியுண்டு. மேடன், யூலியன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1971 இல் வெளியிட்ட ஆய்விற் கண்ட அலைவு, மேகக் கூட்டங்களைத் திரட்டிக்கொண்டு மத்திய கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகர்ந்து, 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றுவது. அது இந்து சமுத்திரத்தின் மேல் நிற்கும் வாரங்களில் நமது மாரி வலுக்கும். அப்பாற் சென்றபின் ஓயும். மாரியின் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் எறித்து, ‘மாரி முடிந்தது’ என ஊரார் சொல்லிய பின்னர் மழை மீண்டும் வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னரே இதன் வரவை ஓரளவு காணலாம். தாழமுக்கத்தின் வழியைக் கணிப்பதற்கோ மூன்று முதல் ஐந்து நாளே நம்பத்தக்க எல்லை. மாவடிப்பள்ளி வீதியில் எத்தனை அடி நீர் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்னரே அறியலாம். அதனைச் செய்மதி கூறாது. மேலே பெய்த மழையையும் ஆற்றின் மட்டத்தையும் பார்த்திருக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும், அவ்வீதியோரத்தில் வாழ்வோரும் கூறுவர்.

வேளாண்மைக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பயன் தருவன. பெரும்போகத்துக்கு விதைப்பது ஒக்டோபர், நவெம்பர் மாதங்களில். அறுவடை ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை. எறிந்து விதைத்த வயலில் மூன்று நாள் நீர் நின்றால் விதை அழுகும். பயிர் வளர்ந்தபின் அதே நீரைத் தாங்கும். கதிர் ஈன்று பூக்கும் நாளிற் பெருமழை பெய்தாற் பூ கருகிப் பதராகும். விளைந்தபின் பெய்தாற் கதிர் சாய்ந்து மணி முளைக்கும். வெட்டும் இயந்திரம் சேற்றில் இறங்காது. ஆகவே ஒரே அளவு மழை விதைப்பில் ஒரு நட்டம், தையில் இன்னொரு நட்டம். இந்நாட்களில் இரண்டாவதே பெரிது. உழவுக்கும் பசளைக்கும் களைக்கும் செலவழித்து, கடன் பட்டு, விளைந்ததைக் கண்ட பின்னர் வருவது அது. இதனால் லா நீனா என்ற செய்தி கேட்ட ஆண்டில், ‘மழை குறையுமாம்’ என ஆறுதல் கொள்ளுதல் நமது கரைக்குப் பொருந்தாது. முன்னே குறைந்து பின்னே மிகும் மாரியே பெரும்போகத்துக்குப் பகை. அத்தகைய ஆண்டில் விரைந்து விதைத்து, குறுகிய வயதுள்ள நெல்லைத் தெரிந்து, தை மழைக்கு முன் வெட்டி முடித்தலே உபாயம். ஒரு வட்டையிலுள்ளோர் அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்தாலன்றி அது கைகூடாது. வாய்க்கால் நீர் பொதுவாதலின். விதைப்புக்கு முன் கூடும் விவசாயிகள் கூட்டங்களில் பசளை விலை பற்றி மணிக்கணக்காகப் பேசுவோர், பருவ முன்னோக்கை ஒருமுறை உரக்க வாசித்தல் பயன் தரும்.

மீனவர் நிலை வேறு. கரைவலை இழுப்போருக்குக் கோடையே காலம். வாடை வீசத் தொடங்கியதும் அலை உயர்ந்து, பல வாரம் கடலில் இறங்க முடியாது. அவருக்கு மழையின் மொத்தம் பொருளன்று. காற்றின் வேகமும் அலையின் உயரமுமே பொருள். மழையே இல்லாத நாளிலும், தூரத்தே நிற்கும் சுழலொன்றினாற் கடல் பொங்கும். ஒலுவிலில் துறைமுகங் கட்டி 2013 இற் திறந்தபின், அதன் வடபாலுள்ள கரை கடலரிப்புக்கு ஆளாகிப் பல ஏக்கர் தென்னங்காணியும் வாடிகளும் போயின. அங்குள்ளோருக்கு ஒவ்வொரு மாரியும் நிலமிழக்கும் மாரி. 2004 டிசெம்பர் 26 ஆந் தேதியின் ஆழிப்பேரலை இக்கரையிற் பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்றாயினும், அது வானிலையின்பாற் பட்டதன்று. கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. மாணவர் இரண்டினையும் ஒன்றாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும்.

இடையே ஒரு குறிப்பு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரன் வழியது; சூரிய ஆண்டிலும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. ஆதலின் நோன்பும் பெருநாளும் ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையுஞ் சுற்றி வரும். ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நிகழுங் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்றம் இவ்வாண்டுகளில் மாரியின் நடுவே வருகின்றது. 2030 இல் ரமழான் மாதம் ஜனவரியில் ஒன்றும் டிசெம்பர் இறுதியில் ஒன்றுமாக இருமுறை தொடங்கும்; பின்னிரவிற் பள்ளிவாசல் செல்வோரும் வெளியூரிலிருந்து வருவோரும் வெள்ளக் காலத்து வீதிகளிற் செல்லும் ஆண்டுகள் அவை. ஊர்த் திட்டம் வகுப்போர் இதனை இன்றே குறித்துக்கொள்ளலாம். சந்திரக் கணக்கு மேகத்தைப்போல ஐயத்துக்கிடமானதன்று.

இவ்வளவும் கூறியபின் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை கிடக்கின்றது. மாரி மழையோ ஓர் ஊரிற் கொட்டி அடுத்த ஊரில் தூறும். மருதமுனையில் 150 மில்லிமீற்றரும் அக்கரைப்பற்றில் 30 மில்லிமீற்றருமாக ஒரே இரவிற் பெய்யலாம். இதனைப் பதிய ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையிலும் ஒரு மழைமானி போதும். விலைகொடுத்து வாங்க முடியாதாயின், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரப் பேணியொன்றும் ஓர் அளவுகோலும் போதுமானவை. பேணியில் நின்ற நீரின் ஆழமே மழையின் அளவு, வாயின் அகலம் எத்துணையாயினும் ஆகுக. மரத்துக்குங் கூரைக்கும் அண்மையில் வைத்தல் ஆகாது. அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தே வைத்தல் நன்று. தெறிக்கும் மண்துளி விழாதவாறு சற்று உயர்த்தி நிறுத்துக. திணைக்களத்தார் அளக்கும் வேளையாகிய காலை 8.30 மணிக்கே அளக்கவேண்டும். அப்பொழுதே நமது எண்ணை அவர் எண்ணோடு ஒப்பிட முடியும். விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அளப்பதற்குப் பாடசாலைக்கு அண்மையில் வீடுள்ள மாணவர் இருவரை நியமிக்கலாம். மழை பெய்யாத நாளில் ஏட்டிற் பூச்சியம் எனத் தவறாது எழுதுக. வெற்றிடமாக விட்டால், அந்நாள் பெய்யாத நாளா அளக்காத நாளா என்பதைப் பின்னர் ஒருவராலும் அறிய இயலாது.